கார் வராத கால்வாய்ப் பாதை: நொஷாட்டலிலிருந்து லு லாண்டெரோன் வரை

"நில்லு! ஓரமா வா! பின்னால கார் வருது!"

பிள்ளையோடு சைக்கிளில் றோட்டுக்குப் போன எந்த அம்மா அப்பாவுக்கும் இந்த மூன்று வசனமும் தெரியும். எங்கள் வீட்டில் சைக்கிளில் ஏறாமலே தமிழ் அப்படித்தான் இருந்தது. சாப்பிடு. குளி. சப்பாத்தைப் போடு. டிவியை நிப்பாட்டு. என் மகளுக்கு ஒன்பது வயது. நான் சொல்வதெல்லாம் அவளுக்கு விளங்கும். தமிழ்ப் பாடசாலைக்கும் போகிறாள், எழுத்துக் கூட்டி வாசிப்பாள். ஆனால் நான் சொல்கிற வசனங்களுக்குப் பதில் வசனம் தேவையில்லை. "ஓம்" என்றால் போதும். அந்த ஒரு சொல்லோடு அவள் ஒன்பது வருசத்தைச் சமாளித்துவிட்டாள்.

என் அப்பா பீல் நகரத்தில் இருக்கிறார். 1988இல் தனியாக சுவிஸுக்கு வந்தவர். அம்மாவும் நானும் 1993இல்தான் வந்து சேர்ந்தோம். எனக்கு அப்போது ஆறு வயது. முப்பது வருசத்துக்கு மேல் அப்பா உணவகச் சமையலறைகளில் வேலை செய்தார். பீல் இரண்டு மொழி நகரம் என்றாலும் அவருடைய சமையலறைகளில் பேசினது டொச். நாங்கள் இருப்பது நொஷாட்டலில், மகளுக்கு எல்லாமே பிரெஞ்ச். ஆக, அம்மப்பாவுக்கும் பேத்திக்கும் பொதுவாக இருப்பது தமிழ் ஒன்றுதான்.

போன வருசம் சித்திரையில் ஒருநாள் அப்பா வீடியோவில் கூப்பிட்டார். மகள் கொஞ்ச நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னாள், "அம்மப்பாவோட என்ன கதைக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்ல." அப்பாவுக்குப் பிரெஞ்ச் விளங்காது, ஆனால் அவள் முகம் விளங்கியிருக்கும். "சரி சரி, பிள்ளை படிக்கட்டும்" என்று வைத்துவிட்டார்.

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. என் வேலையே கணினிகளை ஒன்றோடொன்று பேச வைப்பது. வீட்டில் இரண்டு பேரைப் பேச வைக்க முடியவில்லை.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் சைக்கிளில் போனோம். பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. நாள் வெளிச்சமாக இருந்தது, கணவர் சின்னவனோடு வீட்டில் நின்றார், அவருடைய சைக்கிள் சும்மா கிடந்தது. அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது. சீற்றை இறக்கிக் கொடுத்தால் ஓடுவேன் என்றார். அம்மா சைக்கிளுக்கு மாட்டேன் என்றுவிட்டார். சாப்பாட்டோடு ரயிலில் லு லாண்டெரோனுக்கு வந்து நிற்பதாக ஏற்பாடு.

ஏரிக்கரையில் முதல் எட்டுக் கிலோமீற்றர்

நொஷாட்டல் ஏரி சுமார் 218 சதுர கிலோமீற்றர். முழுக்க முழுக்க சுவிஸுக்குள்ளேயே இருக்கிற ஏரிகளில் இதுதான் பெரியது. லெமான் ஏரி இதைவிடப் பெரிது, ஆனால் அதில் ஒரு பகுதி பிரான்சுக்குச் சேரும். நகரத் துறைமுகத்திலிருந்து கிழக்கே ஓத்ரீவ், சென்-பிளேஸ் என்று கரையோடு போகலாம். மேடு பள்ளம் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்றால் நடக்கிறவர்கள், நாய்கள், தள்ளுவண்டிக் குழந்தைகள் எல்லாரும் அங்கேதான். இடையிடையே றோட்டும் வரும்.

அதனால் முதல் அரை மணித்தியாலம் நான் பழைய ஆள்தான். "பெல் அடி! மெதுவா! நாயைப் பார்!" அப்பாவும் தன் பங்குக்கு, "கவனம் பிள்ளை, கவனம்." மகள் எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்." திரும்பிப் போகலாமா என்றுகூட எனக்கு ஒரு யோசனை வந்தது.

ஓத்ரீவில் லாத்தேனியம் என்ற தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது, 2001இல் திறந்தது. உள்ளே போக நேரமில்லை. வெளிப் பூங்காவில் தூண்களுக்கு மேல் கட்டிய பழங்கால வீட்டு மாதிரி ஒன்று நிற்கிறது. ஆயிரக்கணக்கான வருசங்களுக்கு முன் இந்த ஏரிக்கரையில் ஆட்கள் அப்படித்தான் வீடு கட்டி இருந்தார்கள். அல்ப்ஸ் மலையைச் சுற்றியுள்ள இப்படியான பழைய ஏரிக் குடியிருப்புகளை யுனெஸ்கோ 2011இல் உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. அப்பா தூண்களைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, "வெள்ளம் வாற இடத்தில பின்ன எப்பிடிக் கட்டுறது?" என்றார்.

சென்-பிளேஸைத் தாண்டினால் ஏரியின் மூலையில் லா தேன் என்ற இடம். வரலாற்றுப் புத்தகத்தில் ஐரோப்பாவின் பிந்திய இரும்புக் காலத்துக்கு இந்தச் சின்ன இடத்தின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 1857இல் ஏரித் தண்ணீர் வற்றியபோது இங்கே சேற்றுக்குள் கெல்ட் மக்களின் இரும்பு வாள்களும் ஈட்டிகளும் வெளிப்பட்டன. பிறகு ஏரி மட்டத்தையே இறக்கியபோது இன்னும் நிறையக் கிடைத்தது. ஏரி மட்டத்தை ஏன் இறக்கினார்கள் என்பது இனி வரப்போகும் கால்வாயின் கதை.

கால்வாய் தொடங்குகிற இடம்

லா தேனில் ஏரி முடிந்து தியெல் கால்வாய் தொடங்குகிறது. டொச்சில் இதற்கு ட்ஸீல் கால்வாய் என்று பெயர். நீளம் ஏறக்குறைய எட்டரைக் கிலோமீற்றர். நொஷாட்டல் ஏரித் தண்ணீரை பீல் ஏரிக்குக் கொண்டுபோகிறது. கரையில் மரங்கள், அதற்கு அருகே பாதை, அதற்கு அப்பால் வயல். சில இடங்களில் தார், சில இடங்களில் சரளைக் கல். எப்போதாவது ஒரு உழவு இயந்திரம் வரும். கார் இல்லை.

முதலில் எனக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. கொஞ்ச நேரம் போனபிறகுதான் நான் ஒன்றுமே சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. பாதை நேராகப் போகிறது, எதிரே யாரும் வந்தால் தூரத்திலேயே தெரியும். மகள் அம்மப்பாவுக்குப் பக்கத்தில் ஓடத் தொடங்கினாள். இரண்டு சைக்கிளுக்கு இடம் இருந்தது, மூன்றுக்கு இல்லை. நான் பின்னால் போனேன்.

அப்போது இது எனக்குப் பெரிய விசயமாகத் தெரியவில்லை. இப்போது யோசித்தால் அன்றைய பயணத்தின் முக்கியமான இடம் அதுதான். வீட்டில் அப்பாவும் மகளும் பேசும்போது எப்போதும் நடுவில் நான் இருப்பேன். அவர் ஒன்று சொன்னால் அவளுக்கு விளங்காதோ என்று உடனே பிரெஞ்சில் சொல்லிவிடுவேன். அவள் பிரெஞ்சில் சொன்னதை அவருக்குத் தமிழில் சொல்லுவேன். உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் நான் இருக்கும்வரை அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டிய தேவையே வரவில்லை. இரண்டு பேரும் என்னோடுதான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

கால்வாயில் நான் இருபது மீற்றர் பின்னால். அரைவாசிதான் கேட்டது. அவள் ஏதோ கேட்க, அவர் "என்ன?" என்றார். அவள் திரும்பச் சொன்னாள். அவர் மறுபடி "என்ன?" என்றார். நான் பெடலை மிதித்துக் கிட்டப் போகப் பார்த்து, பிறகு விட்டுவிட்டேன். மூன்றாம் தரம் அவள் ஒரு கையை விட்டு வானத்தைக் காட்டினாள். "ஓ, கொக்கோ? அது கொக்கில்லை, நாரை" என்று அப்பா சொல்வது கேட்டது.

செயின் கழன்றது

தியெல் பாலத்துக்குக் கிட்ட மகளின் சைக்கிளில் செயின் கழன்றது. வழமையாக நான் இறங்கிப் போட்டுக் கொடுப்பேன், அவள் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அன்று நான் வந்து சேர முதலே அப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவிட்டார். ஒரு குச்சியை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

"கையை வையாத, கறல் பிடிக்கும். குச்சியால தூக்கு. தூக்கிப் பல்லில கொழுவு. இப்ப பெடலைப் பின்னுக்குச் சுத்து. பின்னுக்கு! ஆ, அப்பிடித்தான்."

தூக்கு, கொழுவு, சுத்து. இதுவும் கட்டளைதான். ஆனால் இதைக் கேட்டு அவள் ஒன்றைச் செய்து பார்த்தாள், பிழைத்தால் "ஏன்?" என்று கேட்டாள். கை இரண்டும் கறுப்பு எண்ணெய். செயின் ஏறியதும் சத்தம் போட்டுச் சிரித்தாள்.

பாலத்துக்குக் கீழே கை கழுவப் போனபோது அவள் கேட்டாள், தண்ணி எந்தப் பக்கம் போகுது என்று. பார்த்தால் தெரியவில்லை. இரண்டு ஏரிக்கும் உள்ள உயர வித்தியாசம் மிகச் சிறியது, தண்ணீர் நிற்பது போலத்தான் இருக்கும். ஒரு இலையைப் போட்டாள். அது நாங்கள் வந்த பக்கமே, நொஷாட்டலை நோக்கி மெதுவாகப் போனது. "அங்க!" என்றாள்.

அப்பா தலையாட்டினார். "இலை காத்துக்குப் போகுது. மேல மிதக்கிறதைப் பாக்காத. அடியில பாசி நிக்குது பார், அது எந்தப் பக்கம் சாஞ்சு கிடக்கு?"

பாசி பீல் பக்கம் சாய்ந்திருந்தது. அன்று வீசியது வடகிழக்குக் காற்று, இங்கே பீஸ் என்பார்கள். அது இலையை மறுபக்கம் தள்ளிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் நான் இருவருக்கும் சேர்த்து ஒரு விசயம் சொன்னேன். இந்தக் கால்வாயில் தண்ணீர் சில வேளை உண்மையாகவே திரும்பி ஓடும். பெரிய மழையிலோ பனி உருகும்போதோ ஆரே ஆறு பெருகி பீல் ஏரி நொஷாட்டல் ஏரியைவிட உயர்ந்தால், தண்ணீர் இந்தக் கால்வாய் வழியாகப் பின்னுக்கு வந்து நொஷாட்டல் ஏரியில் சேரும். அப்படி வரவேண்டும் என்றுதான் வெட்டியிருக்கிறார்கள். மூன்று ஏரியும் ஒன்றுக்கொன்று வெள்ளத்தைத் தாங்கிக் கொடுக்கும்.

அப்பா உடனே நிமிர்ந்தார். "ஆர் வெட்டினது?"

ஒரு வைத்தியரும் ஒரு பொறியியலாளரும்

150 வருசத்துக்கு முன் இந்த வயல்வெளி முழுக்கச் சதுப்பு. அல்ப்ஸிலிருந்து வரும் ஆரே ஆறு அப்போது பீல் ஏரிக்குள் போகாமல், ஆர்பெர்க் ஊரைத் தாண்டி நேரே ஓடியது. கல்லும் மண்ணும் கொண்டுவந்து தன் படுக்கையைத் தானே உயர்த்தியது. வெள்ளம் வந்தால் மூன்று ஏரிகளுக்கும் இடையில் இருந்த நிலம் எல்லாம் தண்ணீர். மலேரியாக் காய்ச்சலும் இருந்தது. சுவிஸில் மலேரியாவா என்று மகள் நம்பவில்லை.

பீலுக்குப் பக்கத்தில் நீடாவ் என்ற ஊரில் யோஹான் ருடோல்ஃப் ஷ்னைடர் என்று ஒரு வைத்தியர் இருந்தார். 1830களிலிருந்து இதற்கு ஒரு முடிவு வேண்டும் என்று அலைந்து திரிந்தவர் அவர். கிராபுண்டன் பொறியியலாளர் ரிச்சார்ட் லா நிக்கா 1842இல் திட்டம் வரைந்து கொடுத்தார். ஆரே ஆற்றையே திருப்பி பீல் ஏரிக்குள் விடுவது, பீல் ஏரியிலிருந்து தண்ணீர் வெளியேற ஒரு பெரிய கால்வாய் வெட்டுவது, மூர்ட்டன், நொஷாட்டல், பீல் ஆகிய மூன்று ஏரிகளையும் புரொயே, தியெல் கால்வாய்களால் இணைப்பது. இவ்வளவும் மண்வெட்டிக் காலத்துத் திட்டம். மாநிலங்கள் தங்களுக்குள் இழுபறிப்பட்டு, 1867இல்தான் மத்திய அரசு பணம் ஒதுக்கியது. 1868இல் வேலை தொடங்கியது. 1878இல் ஆரே ஹாக்னெக் கால்வாய் வழியாக பீல் ஏரிக்குள் பாய்ந்தது. ஷ்னைடர் அதைக் கண்டுவிட்டு 1880இல் இறந்தார். எல்லாம் முடிய 1891 ஆனது. ஏரிகளின் மட்டம் ஏறக்குறைய இரண்டரை மீற்றர் இறங்கியது. பிறகும் வெள்ளம் வந்ததால் 1962 முதல் 1973 வரை இரண்டாம் தரம் கால்வாய்களை ஆழமாக்கி அகலமாக்கினார்கள்.

இன்று மூன்று ஏரிக்கும் இடையில் இருக்கிற அந்தப் பழைய சதுப்பு, சுவிஸின் மரக்கறித் தோட்டம். கடையில் நாங்கள் வாங்குகிற கரட், லீக்ஸ், சலாட் நிறைய அங்கிருந்துதான் வருகிறது.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வாங்கில் இருந்தார். "இது எங்கட ஆறுமுகம் திட்டம்" என்றார்.

எனக்கு அது என்னவென்று தெரியாது. மகளுக்கும் தெரியாது. அவர் மண்ணில் குச்சியால் கீறத் தொடங்கினார்.

அப்பாவின் ஊர் தொண்டைமானாறு. ஆறு என்று பெயர், ஆனால் யாழ்ப்பாணத்தில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. வடமராட்சிக் கடல்நீரேரி அங்கேதான் கடலோடு சேருகிறது. கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றிப் போக வெட்டுவித்த வழி என்று ஊரில் கதை உண்டு. வாயிலில் கதவு வைத்த தடுப்பணை இருக்கிறது. "மாரியில கதவைத் திறந்து வெள்ளத்தைக் கடலுக்கு விடுவினம். பிறகு மூடிப்போடுவினம், உவர்த் தண்ணி உள்ளுக்கு வராம. நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தக் கதவில ஏறி நிண்டு பாப்பம்."

1950களில் எஸ். ஆறுமுகம் என்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஒரு யோசனை சொன்னார். ஆனையிறவுக் கடல்நீரேரிக்குள் வருகிற மழைத் தண்ணீரைக் கடலுக்குப் போகாமல் மறித்து நன்னீராக்குவது. முள்ளியானில் ஒரு வாய்க்கால் வெட்டி அதை வடமராட்சிக் கடல்நீரேரிக்குக் கொண்டுவருவது. அங்கிருந்து உப்பாறு வரை விட்டால் யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் உவர் குறையும். யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஆறு என்று அதைச் சொல்வார்கள். வேலை தொடங்கினார்கள். முடிக்கவில்லை. பிறகு யுத்தம்.

"ஒரு வாய்க்கால்தான் மிச்சம்" என்றார் அப்பா, தான் கீறிய இரண்டு வட்டத்துக்கும் நடுவில் ஒரு கோடு இழுத்து. "அவ்வளவுதான் மிச்சம்."

முப்பது வருசத்துக்கு மேல் அவரை எனக்குத் தெரியும். சமையலறையில் இருந்து களைத்து வரும் அப்பாவைத் தெரியும், எங்கள் கல்விக் கட்டணத்தைக் கணக்குப் பார்க்கும் அப்பாவைத் தெரியும். தண்ணீரைப் பற்றி இவ்வளவு தெரிந்த அப்பாவைத் தெரியாது. நான் கேட்டதில்லை. எங்களுக்கும் அவருக்கும் இடையில் எப்போதும் ஏதோ ஒரு அவசரம் இருந்தது.

மகள் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தாள். பிறகு தமிழில் கேட்டாள், "நீங்க ஏன் செய்யேல்ல?"

அப்பா சிரித்தார். "நான் சமைக்க வந்திட்டன்."

பாலத்துக்கு அங்கால்

தியெல் பாலத்தைக் கடந்தால் நொஷாட்டல் மாநிலம் முடிந்து பேர்ண் மாநிலம். இக்கரையில் "போன்ஜூர்", அக்கரையில் "க்ரூயெஸெக்". அறிவிப்புப் பலகைகளும் டொச்சுக்கு மாறும். இந்த இடத்தில் அப்பா கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்த மாதிரி எனக்குப் பட்டது. எதிரே வந்த வயதான ஒருவர் டொச்சில் வழி கேட்க, அவரே பதில் சொன்னார். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அம்மப்பாவுக்கு ஒரு மொழி தெரியும், அவளுக்கு இன்னும் சரியாகத் தெரியாத மொழி. இது அவளுக்குப் புதுச் செய்தி.

பாதையில் எல்லாமே வடிவு என்று சொல்ல மாட்டேன். இடது பக்கம் கிரெசியே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிகள் வெகுதூரம் கூடவே வரும். சுவிஸில் இப்போது இயங்குவது இது ஒன்றுதான். கார் இல்லாத பாதையில் போகும்போது காருக்குப் பெற்றோல் செய்கிற இடத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். ஆட்டோபான் சத்தமும் காற்றில் வரும். அதற்குப் பிறகு பழைய தியெல் ஆறு வளைந்து கிடக்கிற இடம் ஒன்று இருக்கிறது. கால்வாய் நேராக வெட்டியபோது விடுபட்ட வளைவு, இப்போது பறவைகளுக்கான காப்பிடம். இடையில் ஒரு பெரிய வெள்ளைக் கப்பல் கால்வாயில் வந்தது. பீல், நொஷாட்டல், மூர்ட்டன் என்று மூன்று ஏரியையும் சுற்றிக் காட்டுகிற கப்பல். அலை கரையில் அடித்தது, மகள் கையசைத்தாள், மேல்தட்டில் இருந்த எல்லாரும் கையசைத்தார்கள்.

லு லாண்டெரோன் மரத்தடியில்

லு லாண்டெரோன் பீல் ஏரியின் தென்மேற்கு மூலையில் இருக்கிற மத்தியகாலச் சிற்றூர். இரண்டு பக்கமும் பழைய வீடுகள், நடுவில் நீளமான முற்றம், மர நிழல். அம்மா அங்கே வாங்கில் இருந்தார். பையில் ரோல்ஸ், இடியப்பம், சம்பல், போத்தலில் தேத்தண்ணி.

மகள் வாயில் ரோல்ஸோடு கேட்டாள், "அம்மம்மா, உங்களுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாதா?"

"ஆர் சொன்னது?" என்றார் அம்மா.

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல், டீசல் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில் எல்லாருக்கும் சைக்கிள்தான் வாகனம். விறகு, அரிசி, நோயாளி, எல்லாம் சைக்கிளில். என்னை முன் பாரில் வைத்து அம்மா ஓடியது எனக்கு நினைவிருக்கிறது. பாரில் சுற்றியிருந்த பழைய துணி கூட நினைவிருக்கிறது. அந்தச் சைக்கிள் மாமாவிடம் போனது என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

"கிளாலியில வித்தனான்" என்றார் அம்மா. "படகுக்குக் காசு காணாது. அந்த இடத்திலேயே ஒரு ஆள் வாங்கினார். உன்னை இறக்கிப்போட்டு அப்பிடியே குடுத்திட்டன். அதுக்குப் பிறகு ஓட மனம் வரேல்ல."

கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடப்பது அந்த நாளில் எப்படிப்பட்டது என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். சுடப்பட்டு இறந்தவர்கள் பலர். அம்மா அதைப் பற்றி மேலே ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அப்பா அப்போது பீலில் ஒரு சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தார். அவருக்கும் இந்தச் சைக்கிள் கதை தெரியாது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. தேத்தண்ணியை ஊற்றி அம்மாவிடம் நீட்டினார்.

மகளுக்கு எவ்வளவு விளங்கியது என்று எனக்குத் தெரியாது. நான் மொழிபெயர்க்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு

நொஷாட்டலிலிருந்து லு லாண்டெரோன் வரை சுமார் 18 கிலோமீற்றர், முழுக்கச் சமதரை. நிற்காமல் ஓடினால் ஒன்றரை மணித்தியாலம், பிள்ளைகளோடு நின்று நின்று போக எங்களுக்கு நாலரை மணித்தியாலம் எடுத்தது. மிகச் சின்னப் பிள்ளைகள் என்றால் நகரப் பகுதியை விட்டுவிட்டு சென்-பிளேஸ் வரை ரயிலில் வந்து தொடங்குங்கள். திரும்பிவர லு லாண்டெரோனில் ரயில் நிலையம் உண்டு, சைக்கிளுக்கும் தனி டிக்கெட் வாங்க வேண்டும்.

பீஸ் காற்று அடிக்கிற நாளில் லு லாண்டெரோனில் தொடங்கி நொஷாட்டலுக்கு ஓடினால் காற்று முதுகில் தள்ளும். நாங்கள் மாறி ஓடிக் கால் நொந்துபோனோம்.

சுவிஸில் சைக்கிள் பாதைகளுக்குச் சிவப்புப் பலகை இருக்கும். 1998இல் ஒன்பது தேசியப் பாதைகளோடு தொடங்கிய ஒழுங்கு இது. ஒற்றை இலக்கம் என்றால் நாடு கடக்கும் பாதை, இரண்டு இலக்கம் என்றால் பிராந்தியப் பாதை, மூன்று இலக்கம் என்றால் உள்ளூர்ப் பாதை. 8ஆம் இலக்கம் ஆரே ஆற்றுப் பாதை. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் என்றால் பீலிலிருந்து சொலத்தூர்ன் வரை அதில் போகலாம், வழியில் அல்ட்ரோய் என்ற ஊரில் கூரைக்குக் கூரை நாரைக்கூடு இருக்கும்.

வேறு நாட்டில் இருப்பவர்களுக்கும் கால்வாய் தூரத்தில் இல்லை. பாரிஸ் லா சப்பலில் சாமான் வாங்கப் போகிறவர்களுக்கு லா வில்லெட் பக்கம்தான், ஊர்க் கால்வாய்ப் பாதை அங்கிருந்து தொடங்குகிறது. லண்டனில் லீ ஆற்றோரம், ஒட்டாவாவில் ரிடோ கால்வாய். முன்னொரு காலத்தில் படகும் சரக்கும் போவதற்கு வெட்டிய வழிகள், அதனால் ஏற்றம் குறைவு. பிள்ளைக்கும் அறுபத்தெட்டு வயதுக்கும் ஒரே வேகத்தில் ஓடலாம். ஒரேயொரு ஆலோசனை சொல்வேன். பாட்டன் பாட்டியைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவர்களைப் பிள்ளையோடு முன்னால் விடுங்கள், நீங்கள் பின்னால் போங்கள்.

ஒரு நாள் சைக்கிள் ஓடி என் மகள் தமிழில் சரளமாகிவிட்டாள் என்று நான் சொல்லவில்லை. இப்போதும் வீட்டில் "ஓம்" தான் அதிகம். அப்பாவின் வீடியோ அழைப்பு மட்டும் கொஞ்சம் நீண்டிருக்கிறது. போன கிழமை அவரிடம் நாங்கள் அடுத்த தரம் மூர்ட்டன் பக்கம் போகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "புரொயே கனால் ஓரமா..." என்றேன். கனால் பிரெஞ்ச் சொல், என் வாயில் தன்பாட்டில் வருவது.

பக்கத்தில் இருந்து மகள் திருத்தினாள். "வாய்க்கால்."